பழைய கடைவீதிக்கு மறுபடி உயிர் கொடுப்பது எப்படி? நகர மைய மீட்புக் கருவிகள்: ஓர் எளிய அறிமுகம்

ஒரு நகரத்தின் மையக் கடைவீதி ஒரே நாளில் வெறிச்சோடிப் போவதில்லை. முதலில் பெரிய கடை ஒன்று மூடுகிறது. அங்கே வந்தவர்கள் போகிற வழியில் பக்கத்துக் கடைகளிலும் எதையாவது வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வருவது நின்றதும் அந்தச் சின்னக் கடைகளின் வியாபாரம் படுக்கிறது. இரண்டாவது கடை மூடுகிறது. மூடிய கடைகளின் முன்னால் விளக்கு எரிவதில்லை, இருட்டிய பிறகு அந்தப் பக்கம் நடக்க ஆட்கள் தயங்குகிறார்கள். வாடகை இறங்குகிறது. வாடகை இறங்கிய கட்டடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வருவதில்லை. சொத்தின் மதிப்பு விழுந்து வரி வருமானமும் குறைவதால், தெருவைப் பராமரிக்கும் வேலையை நகராட்சி தள்ளிப்போடுகிறது. அதைப் பார்த்து மூன்றாவது கடைக்காரரும் கிளம்புகிறார்.

இந்தச் சரிவில் யாரும் முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. அவரவர் கணக்குப்படி அவரவர் செய்தது சரிதான். எல்லாருடைய சரியும் சேர்ந்துதான் வீதியை விழவைக்கிறது. அதனால் நகர மையத்தை மீட்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கருவிகளை இரண்டு கேள்விகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். தனித்தனி உரிமையாளர்களை எப்படி ஒன்றாக இயங்கவைப்பது? பழுதுபார்த்தால் நஷ்டம் என்று சொல்லும் கணக்கை எப்படி மாற்றுவது? செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டாவது கேள்வி, ஏனென்றால் பெரிய தொகைகள் புழங்குவது அங்கேதான். ஆனால் முதல் கேள்விக்கு விடை காணாத வீதியில் எவ்வளவு பணம் போட்டாலும் தங்குவதில்லை என்பது என் கருத்து.

மாலுக்கு இருப்பது, வீதிக்கு இல்லாதது

1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எடைனா என்ற ஊரில் சவுத்டேல் சென்டர் திறந்தது. முழுக்க மூடிய கூரையின் கீழ் அமைந்த முதல் ஷாப்பிங் மால் என்று அதைச் சொல்வார்கள். வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த கட்டடக்கலைஞர் விக்டர் குருயன். மால்கள் நகர மையங்களைத் தோற்கடித்ததற்குக் குளிர்சாதனமும் இலவச பார்க்கிங்கும் காரணம் என்று நினைப்போம். அவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு: மாலுக்கு ஒரே உரிமையாளர், ஒரே நிர்வாகம்.

அந்த நிர்வாகம் கூட்டத்தை இழுக்கும் பெரிய கடைக்கு வாடகையைக் குறைத்துக் கொடுக்கும். அந்தக் கூட்டத்தால் பிழைக்கும் சின்னக் கடைகளிடம் கூடுதலாக வாங்கி ஈடுகட்டும். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, எத்தனை மணிக்குத் திறப்பது, யார் கூட்டிப் பெருக்குவது, விளம்பரச் செலவு யாருடையது என்று எல்லாமே ஓரிடத்தில் முடிவாகும். பழைய வீதியில் நூறு கட்டடம் இருந்தால் நூறு உரிமையாளர்கள். தன் வாடகையைக் குறைத்து நல்ல கடையொன்றை அழைத்துவந்தால் லாபம் பக்கத்துக் கட்டடக்காரருக்குப் போகும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அப்புறம் யார் குறைப்பார்கள்?

வீதிக்கு ஒரு நிர்வாகம்

இதற்கு ஒரு விடை 1970இல் கனடாவில், டொரொண்டோ நகரின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதியில் கிடைத்தது. மால்கள் வாடிக்கையாளர்களை இழுத்தன. போதாக்குறைக்கு, 1960களின் பிற்பாதியில் சுரங்க ரயில் வந்ததும், டிராமில் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனவர்கள் பூமிக்கடியில் போக ஆரம்பித்தார்கள். வியாபாரிகள் சங்கம் வைத்து வீதியை அழகுபடுத்த நினைத்தார்கள். ஆனால் சந்தா கொடுப்பவர்கள் சிலர், பலனை அனுபவிப்பவர்கள் எல்லாரும் என்ற பழைய சிக்கல் இருந்தது. ஒன்டாரியோ மாகாணம் அதற்குச் சட்டப்படி ஒரு வழி செய்தது. எல்லை வரையறுக்கப்பட்ட பகுதியிலுள்ள வணிகச் சொத்துகள் எல்லாவற்றின் மீதும் ஒரு கூடுதல் கட்டணத்தை நகராட்சியே வரியோடு சேர்த்து வசூலிக்கும். வசூலான பணத்தை அந்தப் பகுதியின் நிர்வாகக் குழுவிடமே திருப்பிக் கொடுத்துவிடும். அந்த வீதியில் வசூலானது அந்த வீதியிலேயே செலவாக வேண்டும்.

வணிக மேம்பாட்டு மண்டலம் என்று இதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் 1970களின் நடுவில் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவியது. இங்கிலாந்துக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக வந்தது. அங்கே ஓட்டெடுப்பு நடத்தி, வாக்களித்தவர்களின் எண்ணிக்கையிலும் அவர்களுடைய சொத்து மதிப்பிலும் இரண்டிலுமே பெரும்பான்மை கிடைத்தால்தான் மண்டலம் பிறக்கும். பெரிய கடைகள் மட்டும் சேர்ந்து சின்னக் கடைகள் மீது திணிக்க முடியாது, மறுபக்கமும் முடியாது. அதிகபட்சம் 5 வருடம். தொடர வேண்டுமென்றால் மறுபடி ஓட்டு. இந்தக் கருவியின் மிக நல்ல அம்சமே இந்தக் காலக்கெடுதான்; வேலை செய்யாத குழுவை வியாபாரிகளே வீட்டுக்கு அனுப்பலாம்.

பணத்தை எதற்குச் செலவழிக்கிறார்கள்? துப்புரவு, விளக்கு, காவலர்கள், வழிகாட்டிப் பலகைகள், திருவிழா நாட்களில் நிகழ்ச்சிகள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். நியூயார்க்கின் பிரையன்ட் பார்க்கைப் பாருங்கள். 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாக இருந்தது. 1980இல் அமைந்த தனி நிர்வாக அமைப்பு, பொது இடங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்த வில்லியம் வொயிட்டிடம் ஆலோசனை கேட்டது. வெளியிலிருந்து உள்ளே தெரியாதபடி மறைத்த செடி வேலிகளை எடுக்கவும், நுழைவாயில்களைக் கூட்டவும் அவர் சொன்னார். 1992இல் பூங்கா மறுபடி திறந்தபோது, இழுத்துப் போட்டு உட்காரக்கூடிய நாற்காலிகள் புல்வெளியைச் சுற்றி இருந்தன. மக்கள் நிறைந்தார்கள், சுற்றியிருந்த கட்டடங்களின் மதிப்பும் ஏறியது.

குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பொதுத் தெருவின் பொறுப்பு சொத்துக்காரர்கள் நடத்தும் குழுவின் கைக்குப் போகிறது. வீடற்றவர்களை விரட்டுவது, தெருவோர வியாபாரிகளை ஒதுக்குவது போன்ற புகார்கள் பல நகரங்களில் எழுந்திருக்கின்றன. குழுவில் வாடகைக் கடைக்காரர்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் இடம் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

சின்ன ஊர்களுக்கு இன்னொரு பாதை உண்டு. அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புத் தேசிய அறக்கட்டளை 1977இல் கேல்ஸ்பர்க், ஹாட் ஸ்பிரிங்ஸ், மேடிசன் என்ற மூன்று சிற்றூர்களில் ஒரு சோதனை நடத்தியது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முழுநேர மேலாளர். கடைவீதியைப் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர் வேலை. அதிலிருந்து வளர்ந்த முறைக்கு மெயின் ஸ்ட்ரீட் அணுகுமுறை என்று பெயர்: அமைப்பு, வடிவமைப்பு, விளம்பரம், பொருளாதாரம் என்ற நான்கையும் ஒரே சமயத்தில், சிறு சிறு அடிகளாக நகர்த்துவது. சம்பளம் வாங்கும் ஒரே ஒரு ஆள் இவ்வளவு வித்தியாசம் செய்வாரா என்று தோன்றலாம். எந்த உரிமையாளர் விற்க நினைக்கிறார், எந்தக் கடைக்காரருக்கு இன்னும் கொஞ்சம் இடம் தேவை, எந்த மானியத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று தினமும் தெருவில் நடந்து தெரிந்துவைத்திருக்கும் ஒருவர் இல்லாத ஊரில், மற்ற சலுகைகள் காகிதத்திலேயே கிடக்கின்றன.

கணக்கில் விழும் பள்ளம்

இனி பணத்துக்கு வருவோம். பழைய கட்டடம் ஒன்றை வாங்கிப் பழுதுபார்க்க மொத்தம் 100 செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்த்து முடித்தபின், அந்த வீதியில் கிடைக்கும் வாடகையை வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு 75தான். வங்கி அந்த 75ஐப் பார்த்துத்தான் கடன் கொடுக்கும்; அதிலும் ஒரு பகுதியைத்தான் கொடுக்கும். மீதி 25 வெறும் பள்ளம். எந்த நல்ல மனசுக்காரரும் தெரிந்தே அதில் விழமாட்டார். பக்கத்துக் கட்டடங்களும் சரியானால் வாடகை ஏறி மதிப்பு 100ஐத் தாண்டலாம். ஆனால் முதலில் இறங்குபவருக்கு அந்தப் பலன் கைக்கு வராது. அந்த 25ஐ நிரப்பத்தான் மானியம், கடன், வரிச்சலுகை எல்லாம்.

மானியத்தில் எளிமையானது முகப்பு மானியம். பெயர்ப்பலகை, ஷட்டர், வண்ணம், ஜன்னல் ஆகியவற்றைச் சீராக்க உரிமையாளர் போடும் தொகைக்கு ஈடாக நகராட்சியும் ஒரு தொகை போடும். தொகை சின்னது, விளைவு கண்ணுக்குத் தெரியும், பக்கத்துக் கடைக்காரருக்கும் ஆசை வரும். ஆனால் ஓட்டைக் கூரையின் கீழ் புது முகப்பு வைப்பதில் பொருளில்லை. கூரை, மின்சாரம், தீ பாதுகாப்பு, லிஃப்ட் போன்ற பெரிய செலவுகளுக்குச் சுழல்நிதி உதவும். குறைந்த வட்டியில் ஒருவருக்குக் கொடுத்த கடன் திரும்பி வந்ததும் அடுத்தவருக்குப் போகும். ஒருமுறை போட்ட முதல் பல கட்டடங்களுக்குப் பயன்படும்.

வரியில் தள்ளுபடி வேறு, வரிக்கழிவு வேறு. சொத்தைப் பழுதுபார்த்ததால் மதிப்பு உயர்ந்தால் சொத்து வரியும் உயரும். அந்த உயர்வைச் சில வருடங்களுக்குக் கேட்காமல் விடுவது தள்ளுபடி. செலவழித்த தொகையில் ஒரு விழுக்காட்டை வருமான வரியிலிருந்தே நேராகக் கழித்துக்கொள்ள விடுவது வரிக்கழிவு. அமெரிக்கா 1976இல் வரலாற்றுக் கட்டடங்களுக்கு வரிச் சலுகைகளைத் தொடங்கியது. 1986க்குப் பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடத்தைச் சீரமைக்கும் செலவில் 20 விழுக்காட்டை மத்திய வரியிலிருந்து கழிக்கலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கழிவு ஒரே வருடத்தில் கிடைக்காமல் 5 வருடங்களுக்குப் பிரித்துக் கிடைக்கிறது. நிபந்தனைகள் கடுமை: கட்டடம் வருமானம் தருவதாக இருக்க வேண்டும், மராமத்து பெரிய அளவில் இருக்க வேண்டும், பழைய தன்மையைச் சிதைக்கக் கூடாது. இந்தக் கருவி எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு இருந்த சாதகத்தை அது குறைத்தது. பழைய கட்டடங்களை இடித்து பார்க்கிங் இடமாக்கிய நகர மையங்களுக்கு மறுபடி ஈர்ப்பு வருவது மிகக் கடினம்.

வரித் தள்ளுபடிக்கு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நல்ல பாடம். பழைய கட்டடங்களை வீடுகளாக மாற்றுவோருக்கு 1997இல் 10 வருடத் தள்ளுபடி தந்தது, 2000இல் புதுக் கட்டடங்களுக்கும் அதை விரித்தது. கட்டுவதால் கூடும் மதிப்புக்குத்தான் தள்ளுபடி. நிலத்துக்கு வரி உண்டு. நகர மையத்தில் ஆட்கள் குடியேறினார்கள். சந்தை சூடு பிடித்த பிறகும் அதே சலுகை தொடர்ந்ததால், எப்படியும் கட்டியிருக்கக்கூடியவர்களுக்கு எதற்கு இந்தப் பணம் என்ற கேள்வி வலுத்தது. 2022 முதல் புதுக் குடியிருப்புகளுக்கான சலுகை வருடாவருடம் படிப்படியாகக் குறையும்படி மாற்றினார்கள்.

இந்தக் கேள்விதான் எல்லாச் சலுகைகளுக்குமான உரைகல்: இது இல்லாவிட்டால் அந்த வேலை நடந்திருக்காதா? பள்ளம் 25 என்றால் 25 கொடுக்கலாம். பள்ளமே இல்லாத இடத்தில் கொடுத்தால் அது பொதுப்பணத்திலிருந்து கொடுத்த பரிசு.

வரப்போகும் வரியை இன்றே செலவழிப்பது

கொஞ்சம் சிக்கலானது வரி உயர்வு நிதி. ஒரு பகுதிக்கு எல்லை போட்டு, அந்த வருடம் அங்கிருந்து வரும் சொத்து வரியை, 100 என்று வைத்துக்கொள்வோம், அடித்தளமாக உறையவைக்கிறார்கள். பிறகு மதிப்பு ஏறி வரி 160 ஆனால், 100 வழக்கம்போலப் பொதுக் கருவூலத்துக்கும் பள்ளிகளுக்கும் போகும். மேல் 60 அந்தப் பகுதியின் மேம்பாட்டுக்கே போகும். சில பத்தாண்டுகளுக்கு இப்படி. அந்த எதிர்கால 60ஐக் காட்டி இன்றே கடன் பத்திரம் வெளியிட்டு நடைபாதை, வடிகால், சதுக்கம் ஆகியவற்றைக் கட்டுவார்கள்.

1952இல் கலிஃபோர்னியா இதைத் தொடங்கியது. புது வரி போடாமல் பணம் கிடைப்பதால் அரசியல்வாதிகளுக்குப் பிடிக்கும். ஆபத்து இரண்டு. உயர்வு வராவிட்டால் கடனை யார் கட்டுவது? உயர்வு எப்படியும் வந்திருக்கும் இடமென்றால், பள்ளிகளுக்கும் பொதுச் சேவைகளுக்கும் போயிருக்க வேண்டிய பணம் திசைமாறுகிறது. இந்த இரண்டாவது குறைதான் கலிஃபோர்னியாவிலேயே பெரிதானது. பட்ஜெட் நெருக்கடியில் 2011இல் சட்டம் இயற்றி, இந்த முறையை நடத்திவந்த மறுமேம்பாட்டு முகமைகளை 2012இல் கலைத்துவிட்டார்கள்.

மேல்மாடிகளும் காலி அலுவலகங்களும்

கடைவீதியின் நிரந்தர வாடிக்கையாளர் அந்த வீதியில் குடியிருப்பவர். அலுவலக ஊழியர் மதியம் வந்து மாலையில் போய்விடுவார். மாடியில் குடியிருப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பாலுக்கும் மருந்துக்கும் இறங்கி வருவார். அதனால் காலி மேல்மாடிகளை வீடாக்குவது கடைகளுக்குக் கொடுக்கும் மறைமுக மானியம்.

நியூயார்க் 1995இல் லோயர் மன்ஹாட்டனின் பழைய அலுவலகங்களை வீடாக மாற்ற வரிச்சலுகை தந்தது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த அந்தப் பகுதி குடியிருப்புப் பகுதியாகவும் ஆனது. லாஸ் ஏஞ்சலஸ் 1999இல் செய்தது இன்னும் சுவாரசியமானது. அங்கே முக்கியக் கருவி பணமே இல்லை, விதிதான். பழைய அலுவலகக் கட்டடத்தை வீடாக்கினால் புதுக் கட்டடத்துக்கான பார்க்கிங் எண்ணிக்கை, வீட்டு அடர்த்தி போன்ற விதிகளைத் தளர்த்தியது. நீண்ட காலம் காலியாகக் கிடந்த மேல்மாடிகளில் ஆட்கள் வந்தார்கள். எந்த நகரமாக இருந்தாலும் மானியத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன்னால் தன் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. பள்ளத்தில் பாதியை விதிகளே தோண்டியிருக்கக்கூடும்.

கனடாவின் கால்கரி நிலைமை வேறு. 2014இல் எண்ணெய் விலை சரிந்த பிறகு, நகர மைய அலுவலகங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலியானது. 2021இல், அலுவலகத்தை வீடாக மாற்றினால் சதுர அடிக்கு 75 கனடிய டாலர் மானியம் என்று அறிவித்தது. பணம் வேலை முடிந்த பிறகுதான் கைக்கு வரும். பாதியில் நின்றுபோன திட்டத்தில் பொதுப்பணம் சிக்கிக்கொள்ளாது.

பூட்டியே வைத்திருப்பவர்களுக்கு

கடை வருடக்கணக்கில் காலியாக இருந்தும் உரிமையாளர் ஏன் வாடகையைக் குறைப்பதில்லை? பேராசை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வணிகக் கட்டடத்தின் மதிப்பை வாடகையிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். குறைந்த வாடகைக்கு ஒப்பந்தம் போட்டால் மதிப்பு காகிதத்தில் விழும். வங்கிக் கடனுக்குச் சிக்கல் வரும். காலியாக வைத்திருந்தால் பழைய மதிப்பு காகிதத்தில் அப்படியே நிற்கும்.

இங்கே சலுகை வேலைக்கு ஆகாது. காத்திருப்பதற்கு விலை வைக்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2020இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட காலிக் கடை வரி, வருடத்தில் 182 நாளுக்கு மேல் பூட்டிக் கிடக்கும் கடைக்கு அதன் தெருமுகப்பின் நீளத்தை வைத்து வரி போடுகிறது. முதல் வருடம் அடிக்கு 250 டாலர், தொடர்ந்து காலியாக இருந்தால் 500, பிறகு 1,000. இங்கிலாந்து இன்னும் ஒருபடி மேலே போனது. 2024 டிசம்பர் முதல், நீண்ட காலம் காலியாகக் கிடக்கும் கடையின் வாடகை உரிமையை உள்ளாட்சி மன்றமே ஏலம் விடலாம். 2 வருடத்தில் 365 நாளுக்கு மேல் காலியாக இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மென்மையான வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரம் 1989இல் நிலநடுக்கத்தையும் 1999இல் பெரிய எஃகு ஆலை மூடப்பட்டதையும் பார்த்தது. மையத் தெருக் கடைகள் காலியாகக் கிடந்தன. 2008இல் தொடங்கிய ரிநியூ நியூகாஸில் என்ற அமைப்பு உரிமையாளர்களிடம் கேட்டது எளிமையானது: வாடகைக்கு ஆள் வரும்வரை இந்த இடத்தைக் கலைஞர்களும் சிறு தொழில்முனைவோரும் பயன்படுத்தட்டும், ஆள் கிடைத்ததும் குறுகிய அவகாசத்தில் காலி செய்துவிடுவார்கள். முழுக் குத்தகைக்குப் பதில் தற்காலிக அனுமதி என்பதால் உரிமையாளருக்குப் பயமில்லை. திறந்த கடைகள் ஆட்களை இழுத்தன, ஆட்கள் வந்ததும் வாடகைக்குக் கேட்பவர்களும் வந்தார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வேகமாகப் பலன் தெரிந்த கருவி வேறொன்று எனக்குத் தெரியாது.

தெருவும் பார்க்கிங்கும்

கார்களை நிறுத்திவிட்டு நடைவீதியாக்கினால் போதும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அமெரிக்காவின் கலமசூ 1959இல் தன் மையத் தெருவை நடைவீதியாக்கி, 1998இல் ஒரு பகுதியில் மறுபடி வண்டிகளை விட்டது. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோகெட் 1962இல் நடைவீதியானது, இன்றும் நிறைந்திருக்கிறது. நடந்து வரும் தூரத்தில் வீடுகளும் நல்ல போக்குவரத்தும் இருக்கும் இடத்தில் நடைவீதி செழிக்கும். எல்லாரும் காரில்தான் வரவேண்டிய ஊரில் அது வெற்றிடமாகும்.

பார்க்கிங் கட்டணம் வியாபாரத்தைக் கெடுக்கும் என்பது கடைக்காரர்களின் பயம். கலிஃபோர்னியாவின் ஓல்டு பாசடீனாவில் 1993இல் மீட்டர் வைத்தபோதும் எதிர்ப்பு இருந்தது. அந்த வருமானம் முழுவதும் அதே வீதிகளின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரங்களுக்கும் போகும் என்று நகரம் ஒப்புக்கொண்டதும் வியாபாரிகள் சம்மதித்தார்கள். முன்பு ஊழியர்களே நாள் முழுக்க மறித்து நிறுத்திய இடங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தன, வீதியும் மாறியது.

மீண்ட வீதியில் யார் இருப்பார்கள்?

வீதி செழித்தால் வாடகை ஏறும். கஷ்ட காலத்தில் தாக்குப்பிடித்த சின்னக் கடைக்காரர்தான் முதலில் வெளியேற நேரும். மானியம் வாங்கும் உரிமையாளர் குறிப்பிட்ட வருடங்களுக்கு இப்போதைய வாடகைதாரருக்கு நியாயமான குத்தகை தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். கடைக்காரரே கட்டடத்தை வாங்கக் கடன் உத்தரவாதம் தரலாம். இவற்றைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். வாடகை ஏறிய பிறகு பேரம் பேச நகராட்சியின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் நகரில் இப்படி ஒரு திட்டம் வந்தால், எந்தச் சலுகை என்று பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பைக் கேளுங்கள். தரைத்தளத்தில் எத்தனை கடை காலி, மேல்மாடிகளில் எத்தனை சதுர அடி காலி, ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளர் யார், குத்தகை எப்போது முடிகிறது, காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் எத்தனை பேர் நடக்கிறார்கள். திட்டம் தொடங்கும் முன்பே எடுக்காவிட்டால், பிறகு வந்த மாற்றம் திட்டத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நடப்பவர்களை ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில், அதே மூலைகளில் நின்று எண்ண வேண்டும். ஒரு வருடம் பண்டிகைக் காலத்திலும் மறுவருடம் மழைக்காலத்திலும் எண்ணிய எண்களை ஒப்பிட முடியாது.